பின்சுவரில் ஒரு வெந்நீர் அடுப்பு

பிப். 3, செவ்வாய்

விடியக்காலையில் பனி, எட்டு மணிக்கே வெயில். மாடித் தொட்டி கழுவியாயிற்று. குளியலறையை அளந்தேன். டேப் துருப்பிடித்துப் பாதியில் நின்றுகொண்டது. மீதிக்குச் சாண் கணக்கு.

முடிவு: விறகடுப்பு. குளியலறை மூலையில். வாய் புறவாசல் பக்கம், அண்டா உள்ளே, முதுகு படுக்கையறைச் சுவரோடு ஒட்டி. டைல்ஸ் போடுவதற்கு முன்னால் இந்த வீட்டில் எப்படி இருந்ததோ அப்படியே.

மதியம் ஜெசி பேசினாள். ஒன்பதாம் மாதம். நாசரேத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. கால் வீக்கம் வடியவில்லையாம், படுத்தால் தூக்கம் வரவில்லையாம். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டேன். போடுகிறேன் என்றாள்.  கடைசியில், "யப்பா, அத்தை பதினாலாம் தேதி நம்ம வீட்டப் பாக்க வாராங்க" என்றாள்.

பிரசவம் இங்கே தூத்துக்குடி ஆஸ்பத்திரியில்தான், அதில் பேச்சில்லை. டிஸ்சார்ஜ் ஆனபின் பிள்ளையோடு எங்கே போவது என்பதுதான் பேச்சு. தலைப்பிரசவம், தாய் வீட்டுக்குத்தான் வரவேண்டும். வீடு இருக்கிறது, தாய் இல்லை. ரோஸ்லின் போய் நாலு வருஷம் ஆகப்போகிறது. ஆம்பிளை ஒருத்தர் மட்டும் இருக்கிற வீட்டில் பச்சை உடம்புக்காரியை எப்படி விடுவது, யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று சம்பந்தியம்மா கேட்கிறார். ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜெசிக்கு எங்கே இருக்க ஆசை என்று நான் கேட்கவில்லை. கேட்டு, அவள் நாசரேத் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது.

சாயங்காலம் தெரசக்கா வந்தாள். அடுத்த தெருவிலிருந்து வர அக்காவுக்கு இப்போது அரைமணி ஆகிறது. இரண்டு முழங்காலும் போச்சு. பத்தியச் சமையல் முழுக்கத் தன் பொறுப்பு, குனிந்து தண்ணீர் ஊற்ற மட்டும் முடியாது என்று முன்னமே சொல்லிவிட்டாள். சுவரில் நான் போட்ட பென்சில் கோட்டைப் பார்த்துச் சிரித்தாள். "ஏலே, சுவிட்சப் போட்டா வெந்நி வருது. கீசர் ஒண்ண வாங்கி மாட்டுவியா, அடுப்பு கட்டுதானாம் அடுப்பு."

கீசர் வெந்நீர் வேறு, இலை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர் வேறு என்றேன். அதற்கு கேஸ் போதாதா என்றாள். காபி போடப் போய்விட்டேன்.

பிப். 5, வியாழன்

கடை கடையாக அலைச்சல். டவுன் பஸ், வெயில், இரண்டு தடவை சர்பத்.

பார்த்தவை:

காற்றாடி அடுப்பு. அடியில் சின்ன ஃபேன், சார்ஜ் போட வேண்டும். புகை இல்லை, உண்மைதான், கடைக்கார அண்ணாச்சி கொளுத்தியே காட்டினார். ஆனால் விறகை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட வேண்டுமாம். அண்டாவைத் தூக்கி வைத்தால் நசுங்கிவிடும். வேண்டாம்.

செம்பு பாய்லர். நடுவில் குழாய், சிரட்டை போட்டாலே கொதிக்கும். பார்க்க அழகு. நொச்சி இலையை உள்ளே போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். வேண்டாம்.

சிமெண்ட் அடுப்பு. தட்டிப் பார்த்தேன், சத்தமே சரியில்லை.

மண் அடுப்பு. நல்ல வேலைப்பாடு. எடுத்துவர ஆட்டோவில் ஏற்றினால் வீட்டுக்கு வரும்போது மண் மட்டும்தான் வரும்.

எல்லாக் கடையிலும் ஒரே கேள்வி, ஹோட்டலுக்கா அண்ணாச்சி என்று. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் வைக்க என்றால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பாத்திரம் வாங்க வந்த ஒரு அம்மாள் மட்டும், வீட்டில் பொம்பளையாள் யாரும் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் உடனே ஒரு இட்லிச் சட்டியை எடுத்து விலை கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

வரும் வழியில் பழக்கதோஷத்தில் அரைக் கிலோ மக்ரூன். ரோஸ்லினுக்குத்தான் அது உயிர். அக்காவுக்குச் சுகர். நானே பாதி தின்றேன், மீதி டின்னில்.

பிப். 8, ஞாயிறு

முதல் பூசைக்குப் போனேன். பிரசங்கம் நீளம். கடலில் அலையே இல்லை. ஒரு கிலோ சாளை வாங்கிக் குழம்பு வைத்தேன், புளி கூடிப்போச்சு.

பழைய அடுப்பைப் பற்றி இன்று பூராவும் நினைப்பு. எழுதி வைக்கிறேன்.

ரோஸ்லின் அந்த அடுப்பைத் திட்டாத நாள் கிடையாது. கண் எரிச்சல், சுவரெல்லாம் கரி, மழைக்காலத்தில் விறகு பிடிக்காது. குழலை எடுத்து ஊதிக்கொண்டே என் பரம்பரை முழுவதையும் இழுப்பாள். கேஸ் வந்த வருஷம் நான் லீவில் இருந்தேன். கொத்தனார் வரும்வரைகூட அவளுக்குப் பொறுக்கவில்லை. கடப்பாரையை எடுத்துத் தானே ரெண்டு போடு போட்டாள். விட்டது சனியன் என்றாள். இடித்த மண்ணை நான்தான் கூடை கூடையாகச் சுமந்து தெருமுனையில் கொட்டினேன்.

ஆனால் அதே அடுப்பைப் பற்றி வேறொன்றும் சொல்வாள். ஜெசி பிறந்தது டிசம்பரில். புயல் மழை. வீடு பூராவும் ஈரம். துணி காயாது, தரை வேர்த்துக்கொண்டே இருக்கும், தீப்பெட்டிகூடப் பிடிக்காது. அந்த ஒரு சுவர் மட்டும் சூடு. அவளுடைய அம்மா காலையும் மாலையும் அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைப்பார். குளித்து முடித்ததும் ரோஸ்லின் அந்தச் சுவரில் முதுகைக் கொடுத்துப் படுத்துக்கொள்வாள். பக்கத்தில் பிள்ளை. மேலே கயிறு கட்டிப் பிள்ளைத் துணியெல்லாம் அந்தச் சுவரில்தான் காயும். தெருப்பூனை ஒன்றும் வந்து காலடியில் சுருண்டுகொள்ளுமாம். "நீங்க எங்க இருந்திய. அந்தச் செவருதான் எனக்குத் துணை" என்பாள். குறையாகச் சொல்லமாட்டாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

நான் அப்போது வளைகுடாவில், கப்பலின் இன்ஜின் ரூமில். அங்கே எல்லாச் சுவரும் சூடு. லீவில் வந்தபோது ஜெசி தவழ ஆரம்பித்திருந்தாள், என்னைப் பார்த்ததும் அழுதாள். மழை இல்லை. சுவர் சும்மா சுவராக இருந்தது.

ஆனாலும் என் வாழ்க்கையில் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிற நாட்கள் அவைதான். மழைச் சத்தம், நொச்சி வாசம், பூனை எல்லாம். நான் இல்லாத நாட்களுக்கு நான் ஏங்குகிறேன். இது என்ன கிறுக்கோ தெரியவில்லை. கீசர் ஏன் வேண்டாம் என்று அக்காவிடம் இதையா சொல்ல முடியும்.

பிப். 9, திங்கள்

பக்கத்துப் புதுக்கோட்டைக்குப் போகிற ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறை. கல்யாணச் சமையல்காரர்களுக்கு அடுப்பு செய்கிறார்கள். வரைந்து கொண்டுபோனேன். விறகு தாங்கும் கம்பித் தட்டு, சாம்பல் கதவு, கீழே காற்றுத் துவாரம், மேலே அண்டா உட்காரும் வளையம். தகடு கனமாக வேண்டும் என்றேன். மெல்லிசுத் தகட்டை உப்புக்காற்று இரண்டு வருஷத்தில் தின்றுவிடும். பட்டறைக்கார அண்ணாச்சி படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "வெந்நி வைக்கப் போறியளா, கப்பல் ஓட்டப் போறியளா?"

இரண்டும் செய்தவன்தான் என்றேன். இன்ஜின் ரூமில் எண்ணெய் துடைக்கிற வைப்பராகச் சேர்ந்து ஃபிட்டராக இறங்கினேன் என்றதும் டீ வாங்கிக் கொடுத்தார்.

புகைபோக்கி எப்படி வேண்டும் என்று கேட்டார். கப்பல் ஃபன்னல் மாதிரி, நுனியை வளைத்து, வாய் பின்பக்கம் பார்க்கவேண்டும் என்றேன். முன்வாசல் கிழக்கே கடலைப் பார்க்கிறது, பின்பக்கம் மேற்கு. அப்படியே குறித்துக்கொண்டார். வியாழக்கிழமை தருவாராம்.

கிரைண்டரில் இரும்பு எரிகிற வாசம். வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வேலையும் இல்லாமல்தான்.

வாங்க வேண்டியது: அண்டா ஈயம் பூச, உடைமர விறகு, செம்பு, மஞ்சள், பிள்ளைக்குக் கொசுவலை. தோணி உடைத்த பலகை மலிவாகக் கிடைக்கிறது என்று சொன்னார்கள். உப்பும் பெயிண்டும் ஊறின கட்டை, அது இந்த அடுப்புக்குள் போகாது.

பிப். 12, வியாழன்

வந்துவிட்டது. லோடு ஆட்டோவிலிருந்து இறக்க நாலு பேர். கனம் கொஞ்சம் கூடித்தான் போச்சு. கொத்தனார் காலையிலேயே சுவரில் துவாரம் போட்டு வைத்திருந்தார். பொருத்திப் பூசி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

சாயங்காலம் நாலு மணிக்குப் பற்றவைத்தேன். ஒரே தீக்குச்சி. அடியில் காற்று ஏறுகிற சத்தம், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், பாய்லர் ஒழுங்காக மூச்சுவிடுகிற சத்தம். புகை வளைவு வழியாக வந்து மேற்கே போய்க்கொண்டே இருந்தது. குளியலறைக்குள் துளி புகை இல்லை. அண்டா தளதளவென்று கொதித்தது. ஒரு கை நொச்சி போட்டுப் பார்த்தேன். வீடே வேறு வீடாகிவிட்டது.

படுக்கையறைக்குப் போய்ச் சுவரைத் தொட்டேன். சூடு.

அக்காவை ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தேன். கேலி பேசத் தயாராகத்தான் வந்தாள். சுவரோரம் கட்டிலில் உட்காரவைத்து, முழங்காலைச் சுவரில் முட்டுக்கொடுக்கச் சொன்னேன். பேச்சு நின்றுவிட்டது. ஒரு மணி நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகிறாயா என்றதற்கு, "இருக்கட்டும்ல, இப்பம் என்ன அவசரம்" என்றாள்.

அவள் போனபின் நான் படுத்துப் பார்த்தேன். வேர்த்து ஊற்றியது. தூத்துக்குடியில் எவன் சுவரைச் சூடாக்குவான். ஃபேனை முழு வேகத்தில் விட்டு, சூடான சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். மழைச் சத்தம் ஒன்றுதான் குறை. சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதுகிறேன். ரொம்ப நாளாயிற்று இப்படி எழுதி.

பிப். 14, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

சம்பந்தியம்மா காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். வெயிலுக்கு முன்னால் திரும்ப வேண்டுமாம். வந்து பார்க்கும்போது தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் கொஞ்சம் முன்னாலேயே பற்றவைத்திருந்தேன். புதுத் துண்டு, புதுச் சோப்பு, அண்டாவில் இலை. முன்வாசலில் நின்று வரவேற்றேன். ஜெசியின் அறையைக் காட்டலாம் என்று கதவைத் திறந்தால் கட்டில் தெரியவில்லை.

அவ்வளவு புகை. குளியலறையிலிருந்து படுக்கையறை, அங்கிருந்து ஹால். அண்டா வளையத்தைச் சுற்றிப் புகை பிதுங்கி வருகிறது. ஓடிப்போய்க் காற்றுத் துவாரத்தை அடைத்தேன், இன்னும் மோசம். விறகை வெளியே இழுத்துத் தண்ணீரை ஊற்றினேன், அதற்கு ஒரு புகை. திரும்பி வந்தால் அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணிலிருந்து நீர் வடிய, ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டிருக்கிறார்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். முற்றத்துக்கு வந்து முகம் கழுவினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, பச்சப் பிள்ளைய இதுக்குள்ள வைக்க முடியுமா?"

முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடியாது என்றேன். 

கறுப்புக் காபி மட்டும் குடித்தார். நாசரேத்தில் கீசர் இருக்கிறது, உதவிக்கு ஆள் இருக்கிறது, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்றார். ரோஸ்லின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். புகையில் படம்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. போய்விட்டார்.

ஜெசி இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. திரைச்சீலை, தலையணை, மெத்தை உறை எல்லாவற்றையும் துவைத்தேன்.

பிப். 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. விடிந்ததும் புறவாசலில் போய் உட்கார்ந்து அடுப்பை முறைத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை ஒழுங்காக மூச்சுவிட்டது சனிக்கிழமை ஏன் விடவில்லை. அதே விறகு, அதே அண்டா.

ஒரு பழைய பேப்பரைச் சுருட்டிக் கொளுத்திக் கையில் பிடித்துப் பார்த்தேன். புகை கிழக்கே, வீட்டுக்குள் போனது. மேற்கே போகவேண்டிய புகை.

அப்போதுதான் உறைத்தது. காலையில் கரைக்காற்று. மேற்கிலிருந்து கடலுக்கு. வளைவின் வாய் நேராகக் காற்றைப் பார்த்துத் திறந்திருக்கிறது. காற்று அதற்குள் இறங்கிப் புகையைத் திருப்பி வீட்டுக்குள் தள்ளுகிறது. நான் சோதித்தது சாயங்காலம் நாலு மணிக்கு, கடல்காற்றில். கப்பல் முன்னால் போகும், அதனால் புகை பின்னால் போகும். காலம் பூராவும் அதைத்தான் பார்த்தேன். வீடு எங்கே போகிறது.

அக்கா பூசை முடிந்து வந்தாள். சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "காலையில இந்தக் காத்தப் புடிச்சுத்தான உன் மச்சான் தோணியில பாய விரிச்சிட்டுப் போவாவ. சாயங்காலம் கடக்காத்துல திரும்பி வருவாவ. நம்ம தெருவுல பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மோட்டாருக்குப் பொறந்தவனுக்குத்தான் தெரியல."

கடலிலேயே கிடந்தவன், கடல்காற்று தெரியாது. இன்ஜின் ரூமில் ஏது காற்று. இருக்கிறதெல்லாம் ப்ளோயர் காற்று.

சிரித்து முடித்துவிட்டு, மச்சான் போனபின் அந்தக் காற்று அடிக்கிற நேரத்தில் தான் ஜன்னலைத் திறப்பதில்லை என்றாள். எனக்கு இது தெரியாது. சாளைக் குழம்பு சூடுபண்ணிக் கொடுத்தேன்.

பிப். 17, செவ்வாய்

பட்டறைக்குத் திங்கட்கிழமையே குழாயைக் கழற்றிக்கொண்டு போனேன். வளைவை அறுத்தெறிந்து நேர்குழாய், நுனியில் கூம்புத் தொப்பி. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் புகை ஓரமாக வெளியேறிவிடும். ஏன் மாற்றுகிறீர்கள் என்று அண்ணாச்சி கேட்டார். கப்பல் நின்றுவிட்டது என்றேன்.

இன்று விடியக்காலையில் பற்றவைத்தேன். வீட்டுக்குள் புகை இல்லை. மத்தியானம் காற்று திரும்பியபின் மறுபடி. இல்லை. சாயங்காலம் மறுபடி. இல்லை.

இனி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. வரப்போகிறவளே வரவில்லை. மூன்று அண்டா வெந்நீரையும் நானே குளித்தேன்.

ஜெசியிடம் பேசினேன். அடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சரியாகிவிட்டது என்றேன். காற்றைப் பற்றி, குழாயைப் பற்றி, தொப்பியைப் பற்றி எல்லாம் சொன்னேன். உம் கொட்டிக்கொண்டே கேட்டாள். சுவர் சூடாகுதாப்பா என்றாள். ஆகிறது என்றேன். மாத்திரையைப் போட்டுவிட்டுப் படு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிப். 18, சாம்பல் புதன்

ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். காலையில் கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து, அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தபோது போன். சம்பந்தியம்மா. கையைத் துடைக்காமலே எடுத்தேன், போனெல்லாம் சாம்பல்.

நேற்று ராத்திரி சபையில் ஜெபக்கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால், ஜெசி தன் துணியையெல்லாம் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாளாம். எங்கே போக என்று கேட்டாராம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்கப்பா எனக்கு அடுப்பு செஞ்சிருக்காங்க அத்தைன்னு சொன்னா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. அழவும் இல்ல. அதுக்கு மேல நான் என்ன பேச அண்ணாச்சி?"

போனைத் துடைத்து மறு காதுக்கு மாற்றினேன். 

அப்புறம் அவரே தொடர்ந்தார். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், வெளியாள் கையில் கொடுக்க மனசில்லை, நானே வந்து ஊற்றுகிறேன் என்றார். மாமியார், மருமகளின் தகப்பன் வீட்டில் வந்து தங்கித் தாய் வேலை பார்ப்பது எங்கேயாவது உண்டா. உலகத்தில் இல்லாத வழக்கமாக இருக்கிறதே என்று நான் இழுத்தேன். ஜெசிக்கு அம்மா இருந்திருந்தால் நான் வந்திருக்கமாட்டேன் என்றார். ஆனால் ஒரு கண்டிஷன். "உங்கமேல எனக்கு மரியாத உண்டு. ஊருக்கு வாயும் உண்டு. நான் அங்கன இருக்க வரைக்கும் நீங்க அங்கன படுக்கக் கூடாது."

அவர் முடிக்கும் முன்னே சரி என்றேன். அக்கா வீட்டில் படுத்துக்கொள்கிறேன், பகலில் கடைகண்ணிக்குப் போக வருகிறேன், அடுப்பு மட்டும் என் பொறுப்பு என்றேன். அடுப்புக்கு வாய் வெளியேதானே இருக்கிறது, நீங்கள் உள்ளே வரவே வேண்டாமே என்றார். ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லாவற்றையும் அன்றைக்கே கவனித்துவிட்டுத்தான் போயிருக்கிறார், அவ்வளவு புகையிலும்.

அக்காவிடம் சொன்னதும், "மக வாரா, அப்பன் வெளிய போறான், நல்லாருக்குல" என்று சிரித்தாள். பிறகு பாய் எடுத்து உதறி வைத்தாள்.

சாயங்காலம்: சந்தோஷம்தான். ஆனால் ஒன்றை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது. நான் நினைத்திருந்தது வேறு. ஹாலில் பாயைப் போட்டுப் படுத்து, உள்ளே பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன், ஜெசி சமாதானப்படுத்துகிறதைக் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று. ஜெசி பச்சைப் பிள்ளையாக அழுததை நான் கேட்டதில்லை. இதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. அடுப்பைச் செய்ததே அதற்குத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. போகட்டும். அவள் வருகிறாள்.

பிப். 27, வெள்ளி

பெண் குழந்தை. காலையில். இரண்டு பேரும் சுகம்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து காட்டினார்கள். நெற்றி ரோஸ்லின் நெற்றி. சம்பந்தியம்மா தன் மகன் நெற்றி என்கிறார். சண்டை போடவில்லை. மாப்பிள்ளை பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்.

பால்சுறா சொல்லி வைக்க வேண்டும். புட்டு அக்கா செய்வாள். சாம்பிராணி மறந்தாச்சு.

மார்ச் 3, செவ்வாய்

மேகம், மழை இல்லை. ஜெசி வீட்டுக்கு வந்தாள். வாசலில் அக்கா சிலுவை போட்டு உள்ளே விட்டாள். நேராகப் படுக்கையறைக்குப் போய்ச் சுவரில் கையை வைத்தாள். தண்ணீர் இன்னும் வைக்கவில்லை, நாளைக்குத்தான் என்றேன். தெரியும் என்றாள். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

மாப்பிள்ளை நாளை ஊருக்குப் போகிறார். சம்பந்தியம்மா சமையலறையில் எல்லா டப்பாவையும் திறந்து பார்த்து, பெயர் எழுதி ஒட்டிவிட்டார். குசினி என்று நான் சொன்னால் கிச்சன் என்று திருத்துகிறார். மக்ரூன் டின்னிலும் ஒரு சீட்டு.

நான் என் தலையணை, கண்ணாடி, பிரஷர் மாத்திரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா குறட்டை விடுவாள் என்று தெரியும், இவ்வளவு விடுவாள் என்று தெரியாது.

மார்ச் 4, புதன்

விடியும்போது புறவாசல் கதவு வழியாக வந்தேன். வீட்டுக்குள் போகவில்லை. நொச்சி, வேப்பிலை, புளியிலை மூன்றையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன், சம்பந்தியம்மா வாங்கி அண்டாவில் போட்டார். பற்றவைத்தேன். கரைக்காற்று நன்றாக அடித்தது. புகை தொப்பியைச் சுற்றி வெளியேறிக் கடல் பக்கம் போனது.

கொதி வந்ததும் சுவரைத் தட்டினேன். உள்ளே பலகை இழுக்கிற சத்தம். சம்பந்தியம்மா தண்ணீரை விளாவுகிற சத்தம். குனிஞ்சு உக்காரு, இடுப்ப நிமித்தாத என்றார். பள்ளிக்கூடக் குரல்தான், ஆனால் கொஞ்சம் இறங்கின குரல். நான் கையில் ஒரு கட்டையோடு குந்தியிருந்தேன். போடவா வேண்டாமா என்று தெரியவில்லை.

முதல் செம்பு விழுந்தது.

"எம்மா!"

ஜெசிதான். சூட்டுக்குக் கத்தினாளா, வேறெதற்காவது கத்தினாளா. உள்ளே சம்பந்தியம்மாவின் கை நின்றுவிட்டது போலிருக்கிறது, அடுத்த செம்பு விழவில்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். அறைக்குள் பிள்ளை எழுந்து அழ ஆரம்பித்தது. சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது. அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் இல்லை.

"ஏளா, நான் இங்கனதான் இருக்கேன்" என்றேன்.

அடுத்த செம்பு விழுந்தது.

"தெரியும்ப்பா" என்றாள் உள்ளேயிருந்து. "தீயக் கொஞ்சம் கொறைங்க."

ஒரு கட்டையை வெளியே இழுத்தேன்.